புழு மனையில் கேட்ட கேள்வி

ஜோதிமணிக்கு மனசில் பயம் ஏறினால் முதலில் காட்டிக்கொடுப்பது அவளுடைய வலது கால்தான். உட்கார்ந்த இடத்தில் தானாக ஆடத் தொடங்கிவிடும். தொண்ணூற்றாறாம் வருஷத்துப் புரட்டாசி மாதம் அந்தக் கால் ஓய்ந்ததே இல்லை. மைசூர் அக்ரஹாரத்தில் அவள் அறை எடுத்துத் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா, பெண்பிள்ளை காலாட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று கன்னடத்திலும் சொல்லிப் பார்த்தாள், தமிழிலும் சொல்லிப் பார்த்தாள். எதற்காக ஆட்டுகிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இவள் வாயைத் திறந்திருக்கமாட்டாள், அது வேறு விஷயம்.

ஹனூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவளுக்கு. அப்பா மல்லப்பனுக்குக் கொஞ்சம் மல்பெரித் தோட்டமும் ஒரு புழு மனையும் உண்டு. பட்டுப்புழு வளர்க்கிற வீட்டில் பிள்ளைகளுக்கு விளையாட்டு என்று தனியாக என்ன இருக்கிறது? இலை பறி, இலை நறுக்கு, தட்டு மாற்று, கழிவைக் கூட்டு. அதுதான் விளையாட்டு. அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டு அத்தை மாதேவிதான், அதாவது மல்லப்பனின் அக்கா, இவளுக்குத் தலை பின்னிவிட்டு, சோறு போட்டு, ஆளாக்கினாள். கணக்கில் கெட்டியாக இருந்ததால் ஒவ்வொரு படியாகப் பிடித்து ஏறி மைசூரில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் எம்.டெக். வரைக்கும் வந்துவிட்டாள். ஊரில் அவளைப் பற்றிப் பேசும்போது அத்தைக்குக் குரல் கொஞ்சம் ஓங்கும்.

அவள் படித்தது செயற்கை அறிவு. இன்றைக்குச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அன்றைக்கு அப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று சொன்னாலே, எதற்கு, இயற்கை அறிவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்கள்தான் அதிகம். தில்லியில் ஒரு துறைக்கு மட்டும் எப்படியோ இதில் ஆசை வந்து, முதுகலை மாணவர்களுக்கு உதவித்தொகையும் கல்லூரிக்குக் கம்ப்யூட்டரும் கொடுக்க ஒரு திட்டம் போட்டிருந்தது. ஒரு நிபந்தனையோடு. மாணவர்கள் இயந்திரத்துக்குப் புத்தி சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது, அந்தப் புத்தி தப்பானால் யார் பொறுப்பு என்பதையும் ஒரு பாடமாகப் படிக்கவேண்டும். சும்மா சொல்லக்கூடாது, நல்ல நிபந்தனை. ஆனால் அந்தப் பாடத்தை எல்லோரும் ரசத்தில் மிதக்கிற கறிவேப்பிலை மாதிரிதான் நடத்தினார்கள். இருக்கவேண்டும், வாசனைக்கு. சாப்பிடும்போது எடுத்து ஓரமாக வைத்துவிடலாம்.

இந்தத் திட்டத்தைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தவர் பேராசிரியர் காளிதாஸ். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தில்லிக்கும் மைசூருக்கும் அலைந்து அலைந்து, செருப்புத் தேய வாங்கி வந்த திட்டம். அதில் உதவித்தொகை வாங்கிய மாணவர்களில் ஜோதிமணி ஒருத்தி, அவளோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்த ரத்தினவேல் இன்னொருவன். ரத்தினவேலுக்குக் கல்யாணமாகி மனைவி முழுகாமல் இருந்தாள். உதவித்தொகை நின்றால் அவன் குடும்பமும் நிற்கும்.

ஜோதிமணி செய்துகொண்டிருந்தது பட்டுப்புழு நோயைச் சொல்லும் ஒரு புரோகிராம். புழுவின் தோல் எப்படியிருக்கிறது, இலை தின்கிறதா, ஒரே இடத்தில் கிடக்கிறதா அலைகிறதா என்று அது கேட்கும். பதிலைத் தட்டினால் நோயா நலமா, என்ன செய்யவேண்டும் என்று திரையில் சொல்லும். நோய் முற்றிய பிறகு தெரியும் அடையாளங்களெல்லாம் புத்தகத்திலேயே இருந்தன. ஆரம்பத்தில் எப்படியிருக்கும், அதுதான் வேண்டியிருந்தது. அதைப் புழு வளர்க்கிறவர்களிடம்தான் கேட்டு வாங்கவேண்டும்.

அதற்கு ஜோதிமணியை விட்டால் ஆள் ஏது? கொள்ளேகால், ஹனூர்ப் பக்கமெல்லாம் வீடு வீடாகப் போனாள், அத்தை வீட்டுக்கும்தான். தட்டு நிறையப் புழு இருக்கிற சமயமாகப் பார்த்துப் போவாள், அப்போதுதானே அடையாளம் கண்ணால் பார்க்கலாம். செருப்பை விட்டு, கால் கழுவி, மனைக்குள் போய், குரலைத் தாழ்த்தி, புழு எப்படியிருக்கிறது என்று கேட்பாள். நல்லா இருக்குது கண்ணு என்பார்கள். பார்த்த அடையாளத்தையும் அவர்கள் சொன்ன பதிலையும் சேர்த்துக் குறித்துக்கொள்வாள். பட்டணத்துப் பிள்ளைகள் போயிருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள், நம்ம ஜோதிமணி என்பதால் கதவு திறந்தது என்று காளிதாஸ் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

ஆடி மாதம் புரோகிராமைச் சோதித்துப் பார்த்தார்கள். சில வீடுகளில் சொல்லிவைத்து, புழுவின் அடையாளத்தை எஸ்.டி.டி. பூத்திலிருந்து போனில் சொல்லச் செய்தார்கள். ஜோதிமணி அதைக் கம்ப்யூட்டரில் தட்டி, வந்த பதிலைப் போனிலேயே திருப்பிச் சொல்வாள். மாதேவி அத்தையும் ஹனூருக்கு நடந்து வந்து பேசினாள். தோல் பளபள என்று இருக்கிறது, சிலது தட்டு ஓரமாகவே அலைகிறது, இலை தின்கிறது என்றாள். திரையில் நலம் என்று வந்தது. தொடர்ந்து இலை கொடுக்கவும் என்றும் வந்தது. ஜோதிமணிக்கு ஒரு கணம் ஏதோ உறுத்தியது. ஆனால் ரத்தினவேலும் காளிதாஸும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லா இருக்குதுங்க அத்தை, பயப்படாதீங்க என்று சொல்லி வைத்தாள்.

அப்புறம் தில்லிக் குழு வரும் தேதி வந்தது. திட்டம் தொடர்வதும், அடுத்த வருஷத்து மாணவர்களைச் சேர்ப்பதும், ரத்தினவேலுக்கு மேற்படிப்புக்கு உதவித்தொகை நீள்வதும் அவர்கள் கையில். ஜோதிமணியின் புரோகிராம் தேறிவிட்டால் அடுத்த பருவத்திலேயே தாலுகா அலுவலகங்களுக்கு அனுப்பிவிடலாம் என்றும் பேச்சிருந்தது. அதுவரைக்கும் அவள் கால் ஆடவில்லை.

கௌரிப் பண்டிகைக்கு ஊருக்குப் போனாள். அத்தை வீட்டில் இல்லை, கோயிலுக்குப் போயிருந்தாள். கொல்லைப்புறம் போனபோது, வேலியோரம் புதிதாக மண்ணைத் தள்ளிச் சுண்ணாம்பு கொட்டி மூடிய ஒரு குழி கண்ணில் பட்டது. பட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது என்ன என்று யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. நோய் கண்ட புழுவைப் புதைத்த குழி. அப்பாவிடம் ஓடி வந்து கேட்டாள். மல்லப்பன் வெற்றிலையை மடித்தபடியே, அத்தனையும் போயிற்று, பால் நோய், அலைய ஆரம்பித்தபோதே எடுத்துப் போட்டிருக்கவேண்டும், ஏனோ உங்கள் அத்தை இந்தத் தடவை தாமதித்துவிட்டாள் என்றார். இது ஒன்றும் புதிதில்லை, இந்தப் பக்கத்தில் பாதி வீட்டில் வருஷம் ஒரு தடவை நடக்கிறதுதான் என்றும் சொன்னார்.

"நான் கேட்டப்ப எல்லாரும் நல்லா இருக்குதுன்னுதானுங்களே சொன்னாங்க," என்றாள் ஜோதிமணி.

மல்லப்பன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "புழு தட்டுல இருக்கையில கேட்டா எவ கண்ணு வேற மாதிரி சொல்லுவா? உன்ற அம்மா சொல்லியிருப்பாளா?"

அவ்வளவுதான்.

அந்த ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. முட்டை பொரிந்து புழு தட்டுக்கு வந்த நாளிலிருந்து கூடு இறக்கி மனையைக் கழுவும் வரைக்கும், வளர்க்கிற பெண்ணின் வாயிலிருந்து நோயின் பெயர் வரக்கூடாது. சொன்னால் நோய் வந்து உட்கார்ந்துகொள்ளும். யார் கேட்டாலும் நல்லா இருக்குது என்பதுதான் பதில். செத்துக்கொண்டிருந்தாலும் நல்லா இருக்குதுதான். ஜோதிமணிக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். சின்ன வயதில் ஒருமுறை மனைக்குள் அந்தப் பெயரைச் சொல்லி அம்மாவிடம் வாயிலேயே அடி வாங்கியிருக்கிறாள். தெரிந்து தெரிந்து ஊறிப்போனதால்தான் அது ஒரு வழக்கமாகவே அவள் கண்ணுக்குப் படவில்லை. வெளியூர்க்காரன் ஒருவன் போயிருந்தால், உங்கள் புழுவுக்குப் பால் நோய் இருக்கிறதா என்று பச்சையாகக் கேட்டு, நாலு வீட்டில் திட்டு வாங்கி, ஏன் திட்டினார்கள் என்று யோசித்திருப்பான். இவளோ செருப்பை விட்டு, குரலைத் தாழ்த்தி, நோய் என்ற சொல்லே வராமல் பதவிசாகக் கேட்டு, பதவிசான பொய்யை வாங்கிக்கொண்டு வந்தாள். நோய் தொடங்கியிருந்த புழுவையெல்லாம் நலம் என்று இயந்திரத்துக்கு அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். இந்தத் தப்பை அந்த மண்ணில் பிறந்தவள் ஒருத்திதான் செய்யமுடியும்.

அத்தை கோயிலிலிருந்து வருவதற்குள், தலைவலி என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். கோழைத்தனம்தான், வேறென்ன. பஸ்ஸில் வழி நெடுக ஒரே நினைப்பு. இந்தப் புரோகிராம் தாலுகாவுக்குப் போனால் என்ன ஆகும்? அத்தை ஒரு வீடு. அடுத்த பருவத்தில் எத்தனை வீடு? அரசாங்க முத்திரையோடு ஒரு பெட்டி நலம் என்று சொன்னால் எந்தப் பெண் தட்டை எடுத்துக் குழியில் போடுவாள்?

மறுநாள் காளிதாஸிடம் போய்ச் சொன்னாள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். அவர் கெட்டவர் இல்லை. பொறுப்புப் பாடத்தில் அவர் எழுதிச் சேர்த்த பக்கங்கள் நிறைய. ஆனால் குழு வருவதற்குச் சில நாட்களே இருந்தன, அவருக்கும் முகம் வெளுத்துவிட்டது.

"நோடும்மா, இங்கே பாரு, நான் மறைக்கச் சொல்லலே," என்றார். "ரிவ்யூ முடியட்டும். ஆமேலே, அப்புறமா, நாமே சரிபண்ணிக்கலாம். இப்போ சொன்னா உன் ஒருத்தி வேலை மட்டும் போகாது, மொத்தமும் போயிடும்."

ரத்தினவேலிடம் சொன்னதுதான் அதைவிட மோசம். அவன் கோபப்படவில்லை, வாதாடவில்லை. மனைவியின் அம்மா அடுத்த வாரம் வந்து தங்கப்போகிறார் என்று சம்பந்தமில்லாமல் எதையோ பேசினான். எழுந்து போகும்போது, யோசித்துச் செய் ஜோதி என்றான். அவன் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை.

அந்த நாட்களை எப்படிச் சொல்வது? சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவாள். அக்ரஹாரத்துத் தெருவில் ஸ்கூட்டர் பின்னால் ஹாரன் அடிப்பது காதில் விழாது. லேப்பில் தனியாக இருக்கும்போதெல்லாம் அத்தை போனில் சொன்ன அதே அடையாளங்களைத் தட்டிப் பார்ப்பாள். நலம். மறுபடி தட்டுவாள். நலம். ஒரு தடவையாவது வேறு மாதிரி சொல்லித் தொலைக்காதா என்று பார்ப்பாள். அது எதற்குச் சொல்லும்? சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறது. தில்லிக் குழு உறுப்பினர்கள் ஒருவேளை வராமல் போய்விட்டால்கூட நல்லது என்று நினைத்தாள், பிறகு அப்படி நினைத்ததற்காகப் பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டாள்.

அவர்கள் வந்தார்கள். மூன்று பேர். தலைவி நரைத்த தலையும் கைத்தறிப் புடவையுமாக ஒரு அம்மாள், அதிகம் பேசாதவர். இயந்திரம் பிரமாதமாக நடந்துகொண்டது. கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னது. காளிதாஸுக்கு முகத்தில் ரத்தம் திரும்பியது. கடைசியில் பொறுப்புப் பாடம். அதற்கு யார் பதில் சொல்லவேண்டும், என்ன சொல்லவேண்டும் என்பது முன்பே முடிவாகியிருந்தது. இயந்திரம் தப்பாகச் சொன்னால் விவசாயி யாரைக் கேட்பார் என்று கேட்பார்கள். இயந்திரம் யோசனைதான் சொல்கிறது, முடிவு விவசாயியுடையது என்று ஜோதிமணி சொல்லவேண்டும். அழகான வாக்கியம். மனப்பாடமாகவே வைத்திருந்தாள்.

தலைவி அதையேதான் கேட்டார். ஜோதிமணி எழுந்து நின்றாள். முடிவு விவசாயியுடையது என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். அங்கேயே நிறுத்திவிட்டாள். ரத்தினவேல் தலை குனிந்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தால் பேச வராது என்று சுவரைப் பார்த்தாள். முடிவு எங்கள் அத்தையுடையதுதான், ஆனால் அவள் முடிவெடுத்தது நான் போனில் சொன்னதை வைத்து என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மனைக்குள் போய்க் கேட்டதை, அந்த வழக்கத்தை, குழியை. தடுமாறித் தடுமாறி, ஆங்கிலம் போதாத இடத்தில் கன்னடம் கலந்து சொன்னாள். இதை எந்தத் தாலுகாவுக்கும் அனுப்பாதீர்கள் என்று முடித்தாள். யாரும் பாராட்டவில்லை. தலைவி தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, மற்ற இருவரையும் அழைத்துக்கொண்டு வேறு அறைக்குப் போனார்.

சாயங்காலம் காளிதாஸ் முடிவைச் சொன்னார். திட்டத்தை மூடவில்லை. புரோகிராம் வெளியே போகக்கூடாது. ஜோதிமணிக்கு உதவித்தொகை தை மாதம் வரைக்கும் உண்டு, அதற்குள் வீடுகளில் மறுபடியும் கேட்டு வந்து முதலிலிருந்து செய்யவேண்டும். புதிய மாணவர்களைச் சேர்ப்பது நிறுத்திவைப்பு. ரத்தினவேலுக்கு நீட்டிப்பு இல்லை. இதைச் சொல்லும்போது காளிதாஸ் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியாக, நீ சொன்னது சரிதான்மா என்றார், யாரோ செத்த வீட்டில் பேசுகிற குரலில். ரத்தினவேல் அந்த மாதமே பெங்களூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டான். போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டான், இவளிடம் இல்லை. அதை நினைத்து அவள் அழுதாள். நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்பதெல்லாம் அழுகைக்கு முன்னால் ஒன்றும் எடுபடவில்லை.

மறுபடியும் கேட்கத் தொடங்கவேண்டிய முதல் வீடு எது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஊருக்குப் போனாள். அத்தை வீட்டு மனை காலியாகக் கிடந்தது. அத்தை வாய்க்கால் கரையில் உட்கார்ந்து தட்டுகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். சோறு உண்டியா என்று கேட்டாள். உண்டேன் என்று பொய் சொன்னாள் ஜோதிமணி. அப்புறம் நின்றபடியே, போன தடவை புழுவுக்கு என்ன ஆச்சுங்க அத்தை என்றாள்.

"பால் நோய்," என்றாள் மாதேவி. ஜோதிமணி பிறந்ததிலிருந்து அத்தை வாயில் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. "ஓரமா அலையையிலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு கண்ணு. அப்பவே அந்தத் தட்டுகளை எடுத்துப் பொதைச்சிருந்தா மத்ததாச்சும் பொழைச்சிருக்கும். நீ நல்லா இருக்குதுன்னே. சர்க்காரு மிசினு, அதுலயும் நம்மூட்டுப் புள்ள சொல்லுது, என்ற கண்ணுக்குத்தான் வயசாச்சுன்னு உட்டுப்போட்டேன்." தட்டைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். "எவன் கண்ணு அந்த மிசினுக்குச் சொல்லிக் குடுத்தவன், அது நல்ல புழுவுன்னு?"

"நீங்கதானுங்க அத்தை. நான் மனைக்குள்ள வந்து கேட்டப்ப."

மாதேவியின் கை நின்றது. தேங்காய் நார் கையிலேயே இருந்தது. அத்தை கத்திவிட்டால் நன்றாயிருக்கும் என்று ஜோதிமணிக்குத் தோன்றியது.

"என்ற பொய்யவே எடுத்துட்டுப் போயி எனக்கே போன்ல சொன்னியா," என்றாள் மாதேவி. குரலில் கோபம் இல்லை. "நான் சொன்னது பொய்யின்னு உனக்குத் தெரியாதா? நீ இந்த ஊட்டுலதானே வளந்தே?"

"தெரியுமுங்க அத்தை."

மாதேவி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். ஏச்சு ஒன்று உதடு வரைக்கும் வந்து நின்றது போலிருந்தது. பிறகு நனைந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பக்கத்துக் கல்லின் மேல் கிடந்த தட்டை எடுத்துக் கீழே வைத்து இடம் பண்ணினாள்.

"உக்காரு," என்றாள். "புழு உள்ள இல்ல. இப்பக் கேளு."